மத்தியானம் சோலார் பேனல் எவ்வளவு சும்மா நிற்கிறது?

மதுரைப் பக்கம் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும். எவ்வளவு போகிறது என்று கரையில் நின்றே சொல்லிவிடலாம். ஈபி லைன் இல்லாத தோட்டத்து வீட்டு சோலாரில் அந்த வசதி கிடையாது. பேட்டரி நிறைந்ததும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் பேனலை அடக்கிவிடும். அடக்கிய கரண்ட் எங்கேயும் வழிந்து ஓடுவதில்லை, உற்பத்தியே ஆவதில்லை. அதனால் எந்த மீட்டரிலும் பதிவாகாது. டிஸ்ப்ளேயில் இன்றைக்கு 0.82 யூனிட் என்று இருந்தால், நீங்கள் கேட்டது 0.82 என்றுதான் அர்த்தம். பேனலால் எவ்வளவு முடியும் என்பதை அது சொல்லாது.

இது புரியாமல் ரெண்டு விதமாகப் பணம் வீணாகிறது. அந்த 0.82-ஐப் பார்த்துவிட்டு பேனல் பத்தவில்லை என்று இன்னொரு பேனல் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். "பன்னெண்டு மணிக்கே ஃபுல் ஆயிருதுண்ணே, மிச்சம் ஏகத்துக்கு இருக்கு" என்று ஃப்ரிட்ஜை வாங்கி வைத்துவிட்டு கார்த்திகை மாசம் இருட்டில் உட்காருகிறவர்கள் இன்னொரு பக்கம். மிச்சத்தை அளக்காமல் இந்த ரெண்டு முடிவையும் எடுக்கக் கூடாது. அளக்க வேண்டியதும் ஒரு நாளின் மொத்தத்தை மட்டும் அல்ல. எந்த மணிக்கு எத்தனை வாட் மிச்சம் என்பதுதான் உபயோகப்படும் கணக்கு.

உதாரணத்துக்கு உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத் தோட்டங்களில் பார்க்கக்கூடிய அளவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 165 வாட் பேனல் ரெண்டு, சீரீஸில் (வோல்டேஜ் கூடும்படி ஒன்றன் பின் ஒன்றாக). 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி ஒன்று, சி10 ரகம், அதாவது பத்து மணி நேரத்தில் காலியாகிற கணக்கில் 150 ஏஎச். 30 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலர், பேனல் அதிக வாட் தரும் வோல்டேஜைத் தேடிப் பிடிக்கிற வகை. சின்ன இன்வெர்ட்டர். நாலைந்து எல்இடி பல்பு, ஒரு பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் வகை), ஒரு டிவி.

முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கன்ட்ரோலர் டிஸ்ப்ளேயில் பேனல் வோல்டேஜைப் பாருங்கள். பேனல் முதுகில் உள்ள லேபிளில் விஎம்பி, விஓசி என்று ரெண்டு எண் இருக்கும். பேனல் அதிகபட்ச வாட் தரும்போது உள்ள வோல்டேஜ் விஎம்பி, கரண்டே எடுக்காதபோது உள்ள வோல்டேஜ் விஓசி. 36 செல் பேனலில் விஎம்பி சுமார் 18.2, விஓசி சுமார் 22. சீரீஸில் ரெண்டும் சேர்ந்தால் 36.4, 44. இவை 25 டிகிரியில் ஆய்வகத்தில் எடுத்த எண்கள். நம்ம ஊர் உச்சி வெயிலில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். விஎம்பி டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் இறங்கும், விஓசி 0.3 சதவீதம். ஆக மத்தியானத்தில் உண்மையான விஎம்பி 31 வோல்ட், விஓசி 39 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்ப்ளே 31-ஐ ஒட்டி நின்றால் பேனல் தன்னால் முடிந்த அத்தனையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது, மிச்சம் ஒன்றும் இல்லை. 36, 37, 38 என்று மேலே ஏறி நின்றால் கன்ட்ரோலர் பேனலை அடக்கி வைத்திருக்கிறது. இந்த ஒரு எண்ணை மணிக்கு ஒரு தடவை குறித்தாலே மிச்சம் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிகிறது என்று தெரிந்துவிடும். எத்தனை வாட் என்பது மட்டும் தெரியாது.

அதற்குப் பேப்பர் கணக்கு. 330 வாட்டை அன்றைய வெயில் மணியால் பெருக்க வேண்டும். வெயில் மணி என்பது சூரியன் தெரிந்த நேரம் அல்ல. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற முழு வெயிலாக மாற்றினால் எத்தனை மணி நேரம் வரும் என்ற கணக்கு. மதுரையில் தை, மாசியின் தெளிவான நாளுக்கு 5.5 வைக்கலாம். பங்குனியில் 6-ஐத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் சராசரி 4-லிருந்து 4.5, அடைமழை நாளில் 2-க்கும் கீழே.

தள்ளுபடிகள்: சூட்டுக்கு நாள் சராசரியாக 12 சதவீதம், தூசிக்கு 5, ஒயருக்கு 3, கன்ட்ரோலருக்கு 4. சூட்டுக்கு வைத்த 12-ஐ அதிகம் என்று நினைக்க வேண்டாம், உச்சி வெயிலில் அது 14, 15 வரை போகும். எல்லாவற்றையும் பெருக்கினால் 0.78 வரும். 330 × 5.5 × 0.78, சுமார் 1415 வாட்-அவர். அன்றைக்கு கன்ட்ரோலர் காட்டியது 0.82 யூனிட், அதாவது 820. வித்தியாசம் 595.

இந்த 595-ஐ அப்படியே நம்பக் கூடாது. தூசிக்கு வைத்த 5 சதவீதம் வெறும் ஊகம். செம்மண் ரோட்டை ஒட்டிய தோட்டத்தில் ரெண்டு மாசம் துடைக்காத பேனலில் இழப்பு அதைவிடக் கூடவே இருக்கும். அதனால் நேரடியாகச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

பல்பு போட்டு அளப்பது

டூ வீலர், கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எச்4 ஹாலஜன் ஹெட்லைட் பல்பு மூன்று, அதற்கு ஹோல்டர் மூன்று, 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஹோல்டர் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். பல்பில் 60/55 என்று இருக்கும். அது 12 வோல்ட் கணக்கு. 13.6 வோல்ட்டில் 60 வாட் ஃபிலமெண்ட் 70-ஐ ஒட்டி இழுக்கும். ஒரு பல்பில் ஒரு ஃபிலமெண்ட்டை மட்டும் எரியவிடுங்கள், ரெண்டையும் சேர்த்து எரித்தால் ஹோல்டர் இளகும். பல்பைச் செங்கல் மேல் வையுங்கள், கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். இணைப்பு நேராக பேட்டரி முனையில், ஃப்யூஸ் வழியாக.

கூடவே டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று அழுத்திக் கேளுங்கள். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பலவும் டிசி வோல்டேஜ் மட்டும் காட்டும். கரண்ட் ஏசியில்தான் காட்டும். பேட்டரி ஒயரில் மாட்டினால் ஜீரோ என்று நிற்கும், மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் குழம்புவீர்கள். டிசி கிளாம்பிலும் மாட்டுவதற்கு முன் ஜீரோ பட்டனை அமுக்க மறக்க வேண்டாம்.

கிளாம்பை பேட்டரி பாசிடிவ் ஒயர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டுங்கள், பல்பு ஒயர் உட்பட. அப்போதுதான் பேட்டரிக்குள் போவதா, வெளியே வருவதா என்று தெரியும். கன்ட்ரோலர் மூன்று கட்டமாக பேட்டரியை நிரப்பும்: முடிந்த கரண்ட் முழுவதையும் தள்ளுவது பல்க், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்திக் கரண்டைக் குறைத்துக்கொண்டே போவது அப்சார்ப்ஷன், நிறைந்த பிறகு குறைந்த வோல்டேஜில் வைத்திருப்பது ஃப்ளோட். பல்க் முடிந்து பேனலை அடக்க ஆரம்பித்த பிறகு முதல் பல்பைப் போடுங்கள். ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம் பொறுங்கள். எம்பிபிடி தன் புள்ளியைத் தேடி நிலைக்க அந்த நேரம் வேண்டும். பேனல் வாட் 70 கூடி, பேட்டரி கரண்ட் மாறாமல் இருந்தால் அந்த 70-ம் மிச்சத்திலிருந்து வந்தது. அடுத்த பல்பு. அதற்கும் அடுத்தது. எந்த இடத்தில் பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே வர ஆரம்பிக்கிறதோ அங்கே பேனலின் உச்சம் வந்துவிட்டது. அப்போது பேனல் வோல்டேஜும் 31-க்கு இறங்கியிருக்கும். ரெண்டு அடையாளமும் ஒத்துப்போனால்தான் அந்த அளவை எழுதுங்கள்.

மேகம் ஓடுகிற நாளில் இதைச் செய்யாதீர்கள். மேக விளிம்பு சூரியனைத் தாண்டும்போது ஒரு கணம் வெயில் வழக்கத்தைவிடக் கூடவே அடிக்கும். அந்த நொடியில் எடுத்த எண் ஏமாற்றும்.

இன்னொன்று, உச்சி என்பது நம் கடிகாரத்தில் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, மதுரை 78.1-ல் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் 12:01-க்கு உச்சி வரும், பிப்ரவரி நடுவில் 12:32 ஆகிவிடும். மாசியில் பன்னிரண்டு மணிக்கு எடுத்த அளவை உச்ச அளவு என்று எழுதிவிடக் கூடாது.

மேலே சொன்ன 330 வாட் செட்டப்பில் தெளிவான நாளின் அளவுகள் இப்படி அமையும். 11:30 வரை பேட்டரி பல்க்கில் இருக்கும், மிச்சம் ஜீரோ. 12:30-க்கு பேனலால் 240 முடியும், போவது 90, மிச்சம் 150. 1:30-க்கு 230-ல் 75 போக மிச்சம் 155. 3 மணிக்கு 165-ல் 60 போக 105. 4:30-க்கு 75-ல் 50 போக 25. ஐந்தரைக்கு ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்து ரெண்டு அளவுகளின் சராசரியை இடைப்பட்ட மணியால் பெருக்கிக் கூட்டுங்கள். 75, 152, 195, 97, 12. மொத்தம் 530 வாட்-அவர் சொச்சம். பேப்பர் கணக்கு 595 சொன்னது. பத்து சதவீத வித்தியாசம் சகஜம். முப்பது சதவீதம் என்றால் பேனலைத் துடைத்துவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். சாயங்காலம் ஒற்றைத் தென்னை மட்டையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால் போதும், நிழல் விழுந்த செல்களைச் சுற்றிக் கரண்டைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடு அந்தப் பேனலின் பாதியைக் கழற்றிவிடும். மூன்று மணி அளவு திடீரென்று சரிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் என்றால்

பேனல் வோல்டேஜ் வைத்துப் பார்க்கிற வழி இங்கே எடுபடாது. பிடபிள்யூஎம் பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்து, நிறைந்ததும் விட்டுவிட்டு அடிக்கும். டிஸ்ப்ளேயும் பெரும்பாலும் பேட்டரி வோல்டேஜோடு சரி. பல்பு சோதனை மட்டும் இதற்கும் பொருந்தும்.

பல்பும் வேண்டாம், தினமும் ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்றால் 10 வாட் குட்டிப் பேனல் ஒன்றை வாங்கி, பெரிய பேனலுக்குப் பக்கத்தில் அதே சாய்வில் பொருத்துங்கள். அதன் ஐஎஸ்சி, அதாவது ரெண்டு முனையையும் ஷார்ட் செய்தால் முழு வெயிலில் ஓடும் கரண்ட், 0.6 ஆம்பியரை ஒட்டி இருக்கும், லேபிளைப் பார்த்துக்கொள்ளவும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் முனையில் வைத்து அதன் ரெண்டு ஒயரிலும் நேராக வையுங்கள். அந்தச் சின்னப் பேனலை ஷார்ட் செய்வதால் ஒன்றும் ஆகாது. 0.48 காட்டினால் வெயில் 80 சதவீதம். பெரிய பேனலின் லேபிளில் உள்ள ஐஎம்பி-யை (அதிகபட்ச வாட் தரும்போது ஓடும் கரண்ட்) 0.8-ஆல் பெருக்கினால் இந்த நிமிடம் அதனால் முடிகிற ஆம்பியர் வந்துவிடும். கன்ட்ரோலர் கொடுக்கிறதைக் கழித்தால் மிச்சம். பெரிய பேனலைத் துடைக்கிற அன்றைக்கே குட்டிப் பேனலையும் துடையுங்கள், இல்லாவிட்டால் ரெண்டும் ரெண்டு கணக்குச் சொல்லும்.

பிடபிள்யூஎம்-இல் 330 வாட்டிலிருந்து கழிக்க ஆரம்பிக்காதீர்கள். இதில் ரெண்டு பேனலும் சீரீஸில் அல்ல, பேரலலில் (கரண்ட் கூடும்படி) இருக்கும், 18 ஆம்பியர், பேட்டரி 13.5 வோல்ட், ஆக உச்சமே 243 வாட். பாக்கி எக்காலத்திலும் வராது. எம்பிபிடி மாற்றினால் 30 சதவீதம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். குளிர் தேசத்தில் அது உண்மை. இங்கே சூட்டில் பேனலின் விஎம்பி 15.6-க்கு இறங்கிவிடுவதால் 18 × 15.6, அதாவது 281 வாட்தான் கிடைக்கும். 10-லிருந்து 15 சதவீதம் லாபம், அவ்வளவுதான். ஏற்கெனவே மத்தியானம் மிச்சம் இருக்கிற செட்டப்பில் அதற்காக எம்பிபிடி வாங்குவது தேவையில்லாத செலவு.

பொய்யான மிச்சம்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காலை ஒன்பதரைக்கே பேட்டரி ஃபுல் என்று காட்டுகிறது, பேனல் வோல்டேஜ் 38-ல் நிற்கிறது, நாள் முழுக்க மிச்சம். ராத்திரி ஒன்பது மணிக்கு இன்வெர்ட்டர் கத்துகிறது. இது மிச்சம் அல்ல, பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது. உள்தகடுகளில் சல்ஃபேட் உப்பு படிந்த பேட்டரி கொஞ்சம் கரண்ட் போனதுமே 14.4 வோல்ட்டை எட்டிவிடும், கன்ட்ரோலர் அதை நம்பிப் பேனலை அடக்கும். ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். டியூபுலரில் முழு சார்ஜுக்குப் பெரும்பாலும் 1.240 என்று போட்டிருப்பார்கள், உங்கள் பேட்டரி லேபிளில் உள்ளதே கணக்கு. ஃபுல் என்று காட்டியும் 1.190-ல் நின்றால் அது ஃபுல் இல்லை. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 குறைந்தால் அந்த செல்தான் வில்லன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய உடனே அளக்கக் கூடாது, ஒரு நாள் சார்ஜ் ஆகிக் கலந்த பிறகு அளங்கள்.

ரெண்டாவது காரணம் ஒயர். கன்ட்ரோலர் ஒரு சுவரில், பேட்டரி அடுத்த அறையில், நடுவே 5 மீட்டர் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். போக வர 10 மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் 0.074 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். கன்ட்ரோலர் 14.4 பார்க்கிறது, பேட்டரியிலோ 13.2-தான். கரண்ட் குறையக் குறைய இந்த வித்தியாசமும் குறையும், ஆனால் அதற்குள் வெயில் இறங்கிவிடும். 10 ஸ்கொயர் எம்எம் போட்டு ஒன்றரை மீட்டருக்குள் வைத்தால் இழப்பு 0.1 வோல்ட்கூட இல்லை. கண்டுபிடிப்பது சுலபம். காலை பத்து மணிக்கு பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்து கன்ட்ரோலர் டிஸ்ப்ளேயோடு ஒப்பிடுங்கள். 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மிச்சக் கணக்கை மூடி வைத்துவிட்டு முதலில் ஒயரை மாற்றுங்கள்.

சில கன்ட்ரோலர்கள் அப்சார்ப்ஷனை ரெண்டு மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு ஃப்ளோட்டுக்கு இறங்கிவிடும், பேட்டரி நிறைந்ததா என்று பார்க்காது. செட்டிங் இருந்தால் மூன்று மணி நேரமாக மாற்றுங்கள். பேட்டரி வாழும், போலி மிச்சமும் குறையும்.

530-ல் எவ்வளவு கைக்கு வரும்

மிச்சம் இருக்கிறது என்றதும் எல்லாரும் சொல்வது, "இன்னொரு பேட்டரி போட்டுரலாம்." ராத்திரிச் செலவு கூடாமல் பேட்டரியை மட்டும் கூட்டினால் ஒரு வாட்-அவர்கூடக் கூடுதலாக வராது. நேற்று ராத்திரி எடுத்ததை மட்டுமே இன்றைக்கு நிரப்ப முடியும். மழை நாளுக்குக் கையிருப்பு கூடும், அது தனி லாபம். பழைய பேட்டரியோடு புதியதைப் பேரலலில் போடுவதோ புதியதையும் கெடுக்கிற வேலை.

சரி, ராத்திரிச் செலவைக் கூட்டினால்? 530-ஐ பேட்டரிக்குள் போட்டு எடுத்தால் 80 சதவீதம், இன்வெர்ட்டரில் 85 சதவீதம், ஆக 360 மிஞ்சும். அதிலும் முழுசாகக் கை வைக்க முடியாது. கூடுதலாகக் காலியான பேட்டரி அடுத்த நாள் பல்க்கிலேயே ரெண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கும். 11:30-க்கு முடிந்தது 1:30-ஐத் தாண்டும். அதற்குப் பிறகு மூன்று மணி நேர அப்சார்ப்ஷனுக்கு வெயில் அரையும் குறையுமாகத்தான் கிடைக்கும். தினமும் நிறையாத பேட்டரியில் சல்ஃபேட் படியும். அதனால் பாதியோடு நிறுத்துங்கள்: ராத்திரிக்கு 200 வாட்-அவர் வரை. 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இன்னொன்று ஏழு மணி நேரம் ஓடும். பழைய 75 வாட் ஃபேன் என்றால் மூன்று மணி நேரம்கூட வராது.

மத்தியானத்திலேயே செலவழித்தால் கணக்கு வேறு. பேட்டரிக்குள் போய் வரும் இழப்பு இல்லை, இன்வெர்ட்டர் வழியாக 450 வரை எடுக்கலாம், இன்வெர்ட்டர் இல்லாமல் நேராக டிசியில் ஓடுகிறவற்றுக்கு அதைவிடக் கூடவே கிடைக்கும். டில்டிங் கிரைண்டர் 150 வாட், 40 நிமிடம், 100 வாட்-அவர். மருந்தடிக்கிற 12 வோல்ட் 8 ஏஎச் பேட்டரி ஸ்பிரேயரை நிரப்ப ஏறக்குறைய இன்னொரு 100. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 100 வாட் டிசி மோட்டார் மூன்று மணி நேரத்துக்கு 300, பத்து மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 12, 15 லிட்டர் என்றாலும் ரெண்டாயிரம் லிட்டருக்கு மேல் ஏறிவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், உச்ச நேரத்திலும் 150 வாட்டை ஒட்டித்தான் மிச்சம் என்பதை மறக்க வேண்டாம்.

இவை எல்லாம் நிறுத்தக்கூடிய சுமைகளாக இருக்க வேண்டும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் 2.2 வெயில் மணிதான் என்று வையுங்கள். சூடும் தூசியும் குறைவதால் 0.82 போடலாம். 330 × 2.2 × 0.82, கிட்டத்தட்ட 595. வீட்டுச் செலவே 820. தையில் 530 மிச்சம் காட்டிய அதே செட்டப்பில் இப்போது தினம் 225 குறைகிறது. நாலு நாள் தொடர்ந்தால் 150 ஏஎச் பேட்டரியின் பாதி காலி. ஃப்ரிட்ஜ் போல நிறுத்த முடியாத எதையும் தை மாசத்து மிச்சத்தை நம்பி வாங்க வேண்டாம் என்பது இதனால்தான்.

மோட்டாரைத் தானாக ஓட வைக்க, பேட்டரி வோல்டேஜைப் பார்த்து ஆன், ஆஃப் செய்யும் வோல்டேஜ் ரிலே போர்டு போதும். ஃப்ளோட் 13.6 என்பதால் 13.5-ல் ஆன் என்று வைப்பார்கள். அது தப்பு. காலையில் பல்க்கிலேயே வோல்டேஜ் 13.5-ஐத் தாண்டிப் போகும், பேட்டரி பாதி நிறைவதற்குள் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். அப்சார்ப்ஷனில் உங்கள் கன்ட்ரோலர் நிற்கிற அளவுக்கு 0.2 வோல்ட் கீழே ஆன் வையுங்கள். 14.4 என்றால் 14.2. ஆஃப் 13.0. ஃப்ளோட்டுக்கு இறங்கினாலும் மோட்டார் தொடர்ந்து ஓடும். கனத்த மேகம் மூடி 13.0-க்கு வந்தால் நிற்கும், பெரும்பாலும் அன்றைக்கு மறுபடி ஓடாது, அதுவே பேட்டரிக்கு நல்லது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு நொடி தொங்குவதால் ஆஃப் டிலே 30 வினாடியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

கிரைண்டரை மட்டும் இந்த ரிலேயில் கொடுக்காதீர்கள். பாதி அரைத்த மாவோடு நின்ற கல்லை மறுபடி சுற்ற வைக்க மோட்டார் இழுக்கிற கரண்ட்டில் சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். அதற்குக் கை சுவிட்சுதான் சரி, ஒரு மணிக்கு மேல்.